மலை ஏறும் முன்னே வீட்டுப் படி ஏறுங்கள்!

பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். "அம்மா, இந்த லீவுக்கு எங்கே போறோம்?"

வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒரு வேன் பிடிக்கிறோம். இரண்டு நாளில் ஏழு ஊர் பார்க்கிறோம். ஸ்டவ், அரிசி, புளிக்காய்ச்சல் எல்லாம் கூடவே வருகின்றன. மற்றவர்கள் ஊர் பார்க்கிறார்கள். அம்மா அடுப்பைப் பார்க்கிறாள். வீட்டுக்குத் திரும்பியதும், "ஊருக்குப் போய் வந்த அலுப்புத் தீர இன்னும் ஒரு வாரம் லீவு வேணும்" என்று சொல்லாத பெண் உண்டா, சொல்லுங்கள்!

இந்தத் தடவை கொஞ்சம் மாற்றித்தான் பார்ப்போமே. வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காமல், காலால் நடந்து பார்க்கிற விடுமுறை. அதற்கு ஏற்ற இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் மலைநாடுதான் அது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். ஓரிக்கையிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் ஆகிவிடும்!

இலங்கை வெப்ப நாடுதான். ஆனாலும் தீவின் நடுவே மலைகள் எழும்பி நிற்கின்றன. எல்லாவற்றிலும் உயரமான பேதுருதாலகால மலை 2,524 மீட்டர். அதன் அடிவாரத்தில் உள்ள நுவரெலியா ஊரே 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். கொழும்பில் விசிறி இல்லாமல் இருக்க முடியாது. நுவரெலியாவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. நடப்பதற்கு இதைவிட நல்ல சீதோஷ்ணம் எங்கே கிடைக்கும்?

இந்தப் பிரயாணத்துக்கு முதல் ஏற்பாடு டிக்கெட் இல்லை. உங்கள் கால்தான்! அதை இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

"நான் நாளெல்லாம் தறி மிதிக்கிறேனே!"

ஓரிக்கை, காஞ்சிபுரம் பக்கத்துப் பெண்களிடம் உடற்பயிற்சி என்று சொன்னால் உடனே பதில் வரும்: "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தறி மிதிக்கிறேன், கண்டு சுற்றறேன், அடுப்படியிலே நிக்கிறேன். இதுக்கு மேலே என்ன பயிற்சி?"

நியாயமான கேள்விதான். ஆனால் கவனியுங்கள். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கும்போது உடம்பின் பாரம் பலகை மேல் இருக்கிறது. பாதமும் கெண்டைக்காலும் மட்டுமே உழைக்கின்றன. மலைப் படி ஏறும்போதோ, ஒவ்வொரு அடியிலும் முழு உடம்பையும் தூக்க வேண்டியிருக்கிறது. தொடையும் இடுப்பும் இதயமும் நுரையீரலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நாள் முழுக்க உழைக்கிற பெண்ணுக்கு இருநூறு படியில் மூச்சு வாங்குவது இதனால்தான். அவள் சோம்பேறி இல்லை. அந்தத் தசைகளுக்கு வேலை கொடுக்கவே இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். இறங்கும்போது முன் தொடைத் தசை பிரேக் போல உடம்பைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. பழக்கமில்லாத தசை அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் வலி காட்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பிரயாணத் திட்டமே போட வேண்டும்.

முதலில் டாக்டர், பிறகு டிக்கெட்

புறப்பட இரண்டரை, மூன்று மாதம் இருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மாடிப் படியிலேயே படபடப்பு வரும். மலையில் கேட்க வேண்டுமா? "வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் அது வயசு இல்லை, இரும்புச் சத்துக் குறைவு.

டாக்டர் மாத்திரை கொடுத்தால் தவறாமல் சாப்பிடுங்கள். குறை தீர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம்; அவை அந்தச் சத்தை ஒட்ட விடாது. தேயிலை நாட்டுக்குப் போனாலும் இதே சட்டம்தான். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் மலைப் பயிற்சி தொடங்க வேண்டாம்.

எட்டு வாரப் பயிற்சி

முதல் இரண்டு வாரம்: வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் சமதரையில் நடை. பாலாற்றுப் பக்கம் விடியற்காலையில் நடக்கலாம். வேகத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது இப்படிப்பட்ட நடை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஐந்து அரை மணி நேரம் அந்தக் கணக்குக்குச் சரியாக வந்துவிடுகிறது.

மூன்றாவது, நான்காவது வாரம்: நடை முக்கால் மணி. அதோடு மொட்டை மாடிப் படியில் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பதினைந்து தடவை தூக்கி இறக்குங்கள். குக்கர் விசில் வருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும்! நான்காவது வாரக் கடைசியில் திருத்தணிக்குப் போய் 365 படியும் நடந்தே ஏறுங்கள். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆயிற்று.

ஐந்தாவது, ஆறாவது வாரம்: நடை ஒரு மணி நேரம். முதுகில் மூன்று கிலோ பை. அரிசிப் பை போதும். மலைக்குப் போட்டுப் போகிற ஷூவையும் இப்போதே மாட்டிப் பழகுங்கள். புது ஷூவை மலையில் பிரித்தால் கொப்புளம்தான் மிச்சம். ஆறாவது வாரக் கடைசியில் திருக்கழுக்குன்றம், 565 படி.

ஏழாவது வாரம்: சோளிங்கர் பெரிய மலை, 1,305 படி. 2024 முதல் அங்கே ரோப் கார் ஓடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் அதில் வரட்டும். நீங்கள் ஏறவும் இறங்கவும் படியிலேயே போங்கள். முழங்கால் என்ன சொல்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எட்டாவது வாரம்: குறைத்துக்கொள்ளுங்கள். தினம் அரை மணி நடை போதும். தசைகளும் ஓய்வெடுத்துத்தான் பலப்படும்.

எந்த மாதம் நல்லது?

நம் வீட்டுக் கணக்கும் மலையின் கணக்கும் ஒத்துப்போக வேண்டுமே! ஆடியில் முகூர்த்தம் இல்லை, அப்போது போகலாம் என்று தோன்றும். வேண்டாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். மலையெல்லாம் மேகம், வழியெல்லாம் வழுக்கல்.

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏப்ரல் கடைசி வாரம் சௌகரியம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் கூட்டம் நெரியும், அறை வாடகையும் ஏறும். அது கழிந்து போங்கள். அந்த மாதத்தில் பிற்பகல் இடி மழை உண்டு. ஆகவே நடையெல்லாம் காலையிலேயே முடியட்டும். வைகாசிக் கருடசேவைக்குள் ஊர் திரும்பிவிடலாம்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. சாலைகளும் ரயில் பாதையும் சேதமாயின, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். எனவே எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த ரயில் ஓடுகிறது என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட் எல்லோருக்கும், கைக்குழந்தைக்குக்கூட, தனித்தனியாக வேண்டும். ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. புறப்படும் முன் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத் திட்டம்

திட்டத்தின் ஒரே சட்டம்: கஷ்டமான ஒரு நாள், அடுத்து லேசான ஒரு நாள். மறுநாள் வரும் தொடை வலியை இப்படித்தான் சமாளிக்க வேண்டும்.

முதல் நாள் கொழும்பு வந்து கண்டி போய்ச் சேருங்கள். அன்று வேறு வேலை வேண்டாம்.

இரண்டாம் நாள் பேராதனைத் தாவரத் தோட்டம். 147 ஏக்கர், நிழலான சமதரை. குழந்தைகள் ஓடலாம், உங்கள் கால்களும் புது ஊருக்குப் பழகும்.

மூன்றாம் நாள் நுவரெலியா. அருகில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளி ஹக்கலைத் தோட்டம். இரண்டும் லேசான நடைதான்.

நான்காம் நாள் ஹோர்ட்டன் சமவெளி. இதுதான் பெரிய நடை. 2,100 மீட்டருக்கு மேல் புல்வெளியும் சோலைக் காடுமாக விரிந்த தேசியப் பூங்கா. 2010ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. சுற்றி வர சுமார் ஒன்பது கிலோமீட்டர். குழந்தைகளோடு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பேக்கர் அருவி. "உலக முடிவு" என்ற இடத்தில் தரை சடாரென்று எண்ணூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. பார்த்தால் அடிவயிறு கலங்கும்! அங்கே பிள்ளைகளின் கையை விடாதீர்கள்; விளிம்பில் நின்று போட்டோ வேண்டாம். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறி மறைத்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.

ஐந்தாம் நாள் ஓய்வு. தேயிலைத் தொழிற்சாலை பார்க்கலாம், ஏரிக்கரையில் உலாவலாம்.

ஆறாம் நாள் நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு ரயில். 1,898 மீட்டர் உயரத்தில் உள்ள பட்டிப்பொல நிலையத்தை ஏறிக் கடக்கும் பாதை இது. சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு அவசியம். எல்லவில் சின்ன ஆதாம் மலை 1,141 மீட்டர். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கும் கஷ்டமில்லை. பக்கத்திலேயே தெமோதரையில் 1921ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம். ஏழாம் நாள் திரும்பல்.

"சிவனொளிபாத மலை இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் இல்லை. 2,243 மீட்டர் உயரம். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். சோளிங்கரை ஒரே மூச்சில் நாலு தடவை ஏறுகிற கணக்கு! உச்சியில் உள்ள பாதச் சுவட்டை நாம் சிவனுடையது என்கிறோம், பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமுடையது என்கிறார்கள். நாலு மதத்தாரும் ஒரே படியில் ஏறுகிற மலை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். வழியில் விளக்கும் டீக்கடையும் இருக்கும். சூரியோதயம் பார்க்க நடு ராத்திரியில் ஏறுவார்கள். சிறு குழந்தை உள்ள தாய் இதை இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சோளிங்கரில் முழங்கால் வலிக்காதவர்கள் மட்டும் போங்கள். போவதானால் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இதற்கும் இடையில் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும்.

மூட்டையை யார் தூக்குவது?

இதைப் புறப்படும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். நடைப் பிரயாணத்தில் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பை. அவரவர் தண்ணீர், அவரவர் ஸ்வெட்டர், அவரவர் தின்பண்டம். எட்டு வயசுப் பிள்ளை தன் தண்ணீர் பாட்டிலைத் தானே தூக்கும். கைக்குழந்தையை அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். "அம்மா பையிலே இருக்கும்" என்று எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் கட்டினால், அவளுக்கு இது விடுமுறை இல்லை. வேலையை மலை மேல் ஏற்றின மாதிரிதான்.

ஸ்டவ் வேண்டவே வேண்டாம். இடியாப்பமும் அப்பமும் சோறும் எங்கும் கிடைக்கும். சைவக்காரர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள்: அங்கே தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது வழக்கம். "மாசி போட்டிருக்கா?" என்று கேட்டுச் சாப்பிடுங்கள். தமிழிலேயே கேட்கலாம், இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி, மலைநாட்டுத் தோட்டங்களில் அதுதான் வீட்டு மொழி.

புறப்படும் நாளுக்கு நம் காஞ்சிபுரம் இட்லி கைகொடுக்கும். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டது சீக்கிரம் கெடாது. நடைக்குக் கடலை உருண்டை, பொருவிளங்காய் உருண்டை. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைச் சோதித்துப் பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுவார்கள். உருண்டைகளைத் துணியில் முடிந்துகொள்ளுங்கள்.

உடைக்கு சல்வார் வசதி. புடவைதான் பழக்கம் என்றால் பருத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுங்கள். ஓரிக்கைப் பட்டு பீரோவிலேயே பத்திரமாக இருக்கட்டும்! ஏறும்போது வேர்க்கும், உச்சியில் குளிர் காற்று அடிக்கும். ஈர ரவிக்கையோடு நின்றால் நடுக்கம்தான். மாற்று உடை ஒன்று, ஸ்வெட்டர், மழைக் கோட்டு, ஒரு கைத்தடி அவசியம். மாதவிடாய் நாளைக் கணக்குப் பார்த்து வேண்டியதை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். ஈரமான வழியில் அட்டை இருக்கும். ஒட்டினால் பதறாமல் உப்போ சோப்போ தடவினால் விழுந்துவிடும்.

நடக்கும்போது மார்பு வலியோ, தலை சுற்றலோ, நின்ற பிறகும் அடங்காத மூச்சு வாங்கலோ வந்தால் அத்தோடு திரும்புங்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற பிடிவாதம் கூடாது. குழந்தை சோர்ந்தாலும் அப்படியே. மலை எங்கும் போய்விடாது.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

இந்த மலைகளில் முதலில் நடந்த தமிழ்ப் பெண்கள் உல்லாசத்துக்காக நடக்கவில்லை. 1820களிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டு ஜனங்கள் கடல் கடந்து போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே நடந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பிறகு, காப்பி அழிந்து தேயிலை வந்தது. 2023ல் மலையகத் தமிழர்கள் தங்கள் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தார்கள்.

இன்றைக்கும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தச் சரிவுகளில் நாள் முழுக்க ஏறி இறங்கிக் கொழுந்து கிள்ளுகிறவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான். பிறர் உடுத்தப் பட்டு நெய்கிற கைக்கு, பிறர் குடிக்கக் கொழுந்து கிள்ளுகிற கையின் வலி தெரியாதா என்ன? கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நின்று, "நல்லாயிருக்கீங்களா, அக்கா?" என்று தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இந்த வருஷம் பாஸ்போர்ட்டும் பணமும் அமையாமல் போகலாம். பரவாயில்லை, எட்டு வாரப் பயிற்சியை விடாதீர்கள். சோளிங்கர் வரை போய் வந்த கால் வீணாகாது. மாடிப் படியில் மூச்சு வாங்காது, இடுப்பு பிடிக்காது, ரத்தத்தில் என்ன குறை என்பதும் தெரிந்திருக்கும். நாளைக் காலையில் அரை மணி முன்னால் எழுந்திருங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். காப்பிக்குத் தண்ணீர் வைக்கிற வேலையை அன்றைக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்!